செய்தித்தளத்தின் பயன்பாட்டு எளிமையையும் வடிவமைப்பையும் மதிப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு செய்தித்தளத்தை மதிப்பிடச் சொன்னால் பலரும் அதன் முகப்புப் பக்கத்தைப் பெரிய திரையில் திறந்துவைத்து, நிறம் எப்படி, லோகோ எப்படி என்று குறிப்பெழுதத் தொடங்கிவிடுகிறார்கள். வாசகர்களில் கணிசமானோர் அந்த முகப்பைப் பார்ப்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க், கூகுள் தேடல், மொபைலில் எட்டிப்பார்க்கும் நோட்டிஃபிகேஷன் என ஏதோ ஒன்றைத் தட்டி நேராக ஒரு செய்திக்குள் வந்து இறங்குகிறார்கள். கையில் மொபைல், ஒதுக்கும் நேரம் ஒன்றிரண்டு நிமிடம். அந்த நேரத்துக்குள் செய்தி அவரிடம் தடையில்லாமல் போய்ச் சேர்ந்ததா? அது எப்போதைய செய்தி, யார் எழுதியது, செய்தியா கருத்தா விளம்பரமா என்பதெல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்ததா? மதிப்பீடு முழுவதும் இந்தக் கேள்விகளைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். அழகு அதற்குப் பிறகு.

ஆகவே இங்கே செய்திப் பக்கம் முன்னால் வருகிறது, முகப்பு பின்னால் வருகிறது.

படி 1: எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

தளம் முழுவதையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். பத்துப் பக்கங்களைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை அவற்றையே வைத்துக்கொள்ளுங்கள்: முகப்பு, ஏதாவது ஒரு பிரிவுப் பக்கம், சாதாரணச் செய்தி, நீண்ட கட்டுரை, நேரலைப் பக்கம், புகைப்படத் தொகுப்பு, வீடியோ பக்கம், கருத்துப் பத்தி, தேடல் முடிவுகள், ஓராண்டுக்கு முந்தைய பழைய செய்தி. கடைசியாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள். பழைய செய்தி புதிய செய்தி போலச் சுற்றிவரும்போதுதான் தளத்தின் வடிவமைப்பு உண்மையில் சோதிக்கப்படுகிறது.

கருவிகள் மூன்று போதும்: விலை குறைந்த ஓர் ஆண்ட்ராய்டு மொபைல், ஓர் ஐபோன், ஒரு லேப்டாப். புதிய விலையுயர்ந்த போனில் மட்டும் பார்த்தால் பாதிக் குறைகள் கண்ணிலேயே படாது. பிரவுசரை மறைநிலையில் திறங்கள், எந்தக் கணக்கிலும் உள்நுழையாதீர்கள், விளம்பரத் தடுப்பானை அணைத்துவிடுங்கள். முதன்முறை வருபவருக்கு என்ன நேர்கிறதோ அதுவே உங்களுக்கும் நேர வேண்டும். சமூக ஊடகச் செயலிக்குள் திறக்கும் உள் பிரவுசரிலும் ஒருமுறை பாருங்கள். சந்தா வைத்திருப்பவர்கூட அங்கே உள்நுழையாதவராகிவிடுவார். மெனு பொத்தான் மேலே இருக்கும் செயலியின் பட்டைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வதும் உண்டு.

காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் பாருங்கள். பெரிய செய்தி வெடிக்கும் நாளில் முகப்பின் அமைப்பே மாறிவிடும். அன்றைக்கும் ஒரு முறை திரையைப் படமெடுத்து வையுங்கள்.

படி 2: செய்திப் பக்கத்தின் முதல் திரை

வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு லிங்க்கை அனுப்பி, அதைத் தட்டித் திறங்கள். இணைய முகவரியைத் தட்டச்சு செய்து போகாதீர்கள். லிங்க்கின் முன்னோட்டத்தில் படமும் தலைப்பும் வருகின்றனவா, தலைப்பு பாதியில் அறுபடுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

பக்கம் திறந்ததும் ஸ்க்ரோல் செய்யாமல் ஐந்து விநாடி பாருங்கள். பிறகு கண்ணை எடுத்துவிட்டு எழுதுங்கள்: எந்தத் தளம்? என்ன செய்தி? எப்போது வெளியானது? யார் எழுதியது? எந்தப் பிரிவு? இந்த ஐந்தில் மூன்றுக்காவது பதில் எழுத முடியாவிட்டால் முதல் திரை தோற்றுவிட்டது. பெரும்பாலும் காரணம் இப்படி இருக்கும்: மேலே தளத்தின் பெயர்ப் பட்டை, அதன் கீழே ஓடும் பிரேக்கிங் நியூஸ் வரி, அடுத்து விளம்பரம், அதற்கும் கீழே அரைத் தலைப்பு. அடிப்பக்கத்தில் ‘ஆப்பைப் பதிவிறக்குங்கள்’ என்ற பட்டை. நடுவில் நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்கும் பெட்டி. ஒரு வரி செய்தி படிக்குமுன் வாசகர் மூன்று பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அனுமதி கேட்பது தவறில்லை. வாசகர் ஒரு செய்தியைப் படித்து முடித்த பிறகோ, தானாகவே மணிப் பொத்தானைத் தட்டும்போதோ கேட்கலாம்.

தேதியைத் தனியாகச் சோதியுங்கள். ‘3 மணி நேரத்துக்கு முன்’ என்று மட்டும் போட்டால் போதாது. அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அடுத்த வாரம் பகிர்ந்தால் அந்த மூன்று மணி நேரத்துக்கு அர்த்தமே இல்லை. முழுத் தேதியும் நேரமும் வேண்டும். வெளிநாட்டு வாசகர்கள் உள்ள தளமானால் எந்த நாட்டு நேரம் என்பதும் வேண்டும். வெளியிட்ட நேரம், புதுப்பித்த நேரம் இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தியதற்கெல்லாம் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற நேரம் மாறுகிறதா என்று பாருங்கள். அப்படி மாறினால் பழைய செய்திக்குப் புதுச் சாயம் பூசுவதாகிவிடும்.

பழைய செய்திகளுக்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. தி கார்டியன் நாளிதழ் 2019இல் தன் பழைய கட்டுரைகளின் மேலே ‘இது இத்தனை ஆண்டு பழையது’ என்று மஞ்சள் பட்டையில் காட்டத் தொடங்கியது. சமூக ஊடகத்தில் பகிரும் படத்திலும் ஆண்டைப் பதித்தது. நீங்கள் மதிப்பிடும் தளத்தின் ஓராண்டு பழைய செய்தியைத் திறந்து, அது பழையது என்று தெரிய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள்.

படி 3: படிக்க முடிகிறதா?

இதற்கு வேறு வழியில்லை: ஒரு செய்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உண்மையாகவே படித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சமான இடத்தில் நின்றபடி, ஒற்றைக் கையில் போனைப் பிடித்துப் படியுங்கள்.

செய்தி உரையின் எழுத்து மொபைலில் 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. தமிழுக்கு 17 அல்லது 18 நல்லது. வரி இடைவெளி எழுத்தளவைப்போல 1.6 முதல் 1.8 மடங்கு வரை இருக்கட்டும். ஆங்கிலத்துக்கு வகுத்த 1.4 மடங்கை அப்படியே தமிழுக்கும் வைத்துவிட்டால், மேல் வரியின் ‘கூ’, ‘ழு’ போன்ற எழுத்துகளின் கீழ்ச்சுழியும் கீழ் வரியின் ‘கி’, ‘லீ’ போன்றவற்றின் மேல்விலங்கும் நெருங்கி உரசும். பக்கம் முழுக்கக் கறுத்துத் தெரியும். தடித்த சிறிய எழுத்தில் ‘ண’வும் ‘ன’வும் அடைபட்டு ஒன்றுபோலாகிவிடும். படக்குறிப்பிலும் துணைத் தலைப்பிலும் இதைத் தேடிப் பாருங்கள்.

இருபுறமும் சமமாக இழுத்து நிரப்பும் சீரமைப்பு இணையத்தில் தமிழுக்குப் பொருந்துவதில்லை. ‘அறிவிக்கப்பட்டுள்ளதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது’ போன்ற நீண்ட சொற்கள் 360 பிக்சல் அகலத் திரையில் வரிக்கு ஒன்றோ இரண்டோதான் அடங்கும். அவற்றை இழுத்து நிரப்பும்போது சொற்களுக்கு நடுவே பெரும் பள்ளங்கள் விழும். இடப்பக்கம் சீராக இருந்தால் போதும். பெரிய தலைப்பெழுத்தில் நீண்ட சொல் திரையைத் தாண்டி வெளியே போகிறதா, பக்கமே பக்கவாட்டில் ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

தலைப்பை நிரல் எந்த இடத்தில் வெட்டுகிறது என்பதும் முக்கியம். தமிழில் ஒரு எழுத்து என்று நாம் பார்ப்பது கணினிக்குப் பெரும்பாலும் இரண்டு குறியீடு. ‘இத்தனை குறியீட்டுக்கு மேல் வெட்டு’ என்று எழுதிய நிரல், ‘தேர்தல்’ என்பதைப் புள்ளியில்லாமல் ‘தேர்தல’ என்று நிறுத்திவிடும். முதலெழுத்தைப் பெரிதாக்கும் அலங்காரம் வைத்தால் கொம்பும் காலும் பிரிந்து, புள்ளியிட்ட வட்டம் தலைகாட்டும். தொடர்புடைய செய்திகளின் பட்டியலில் இந்தக் குறை அதிகம் கிடைக்கும்.

எழுத்துரு தாமதமாக இறங்கும் தளங்களில் முதல் மூன்று விநாடி வரை எழுத்தே தெரியாமல் வெற்றிடமாக இருக்கலாம். எழுத்துரு வரும்வரை போனில் உள்ள எழுத்துருவிலாவது உரையைக் காட்டும்படி அமைத்திருக்க வேண்டும்.

இணைய முகவரியையும் நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்துகளில் அமைந்த முகவரி சில இடங்களில் சதவீதக் குறிகளாகச் சிதறும். ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், அதாவது ஒன்பது எழுத்தாகிவிடும். ஏழு குறியீடுள்ள ‘தேர்தல்’ 63 எழுத்தாக நீளும். முழுத் தலைப்பையும் முகவரியாக வைத்தால் பகிரும்போது அரைப் பக்கம் நீண்டுவிடும். சுருக்கமான முகவரி எல்லாருக்கும் நல்லது.

படி 4: வேகம்

கூகுள் வகுத்த மூன்று அளவுகளை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். முதல் திரையில் உள்ள ஆகப் பெரிய படமோ உரைப்பகுதியோ கண்ணுக்குத் தெரிய ஆகும் நேரம், அதாவது எல்சிபி, 2.5 விநாடிக்குள் இருக்க வேண்டும். தட்டியதற்குப் பக்கம் பதில்தரும் நேரமான ஐஎன்பி 200 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும். முதல் தட்டலின் தாமதத்தை மட்டும் அளந்த பழைய எஃப்ஐடி அளவுக்குப் பதிலாக 2024 மார்ச்சில் இது வந்தது. பக்கம் குதிக்கும் அளவான சிஎல்எஸ் 0.1க்குள் அடங்க வேண்டும். இவை சராசரி அல்ல. நூறு வருகைகளில் 75 வருகைகளுக்காவது இந்த அளவு கிடைத்திருக்க வேண்டும்.

கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்தால் இரண்டு வகை எண்கள் வரும். மேலே இருப்பது கடந்த 28 நாளில் உண்மையான குரோம் பயனர்களிடமிருந்து வந்தது. கீழே இருப்பது சோதனைக் கூடத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தது. செய்தித்தளத்தில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. இன்று காலை வெளியான செய்திக்கு 28 நாள் தரவு எங்கிருந்து வரும்? ஆகவே மேலே காட்டுவது பெரும்பாலும் தளம் முழுமைக்குமான எண்ணாகத்தான் இருக்கும். அதை அந்தச் செய்திப் பக்கத்தின் எண் என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். சோதனைக் கூட எண் ஒவ்வொரு முறையும் மாறும், காரணம் ஒவ்வொரு முறையும் வேறு விளம்பரம் வருகிறது. ஐந்து முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். ஐஎன்பியை அந்தச் சோதனை அளப்பதில்லை. யாராவது தட்டினால்தானே பதில் நேரம் தெரியும்.

எண்களோடு நிறுத்தாமல் கண்ணாலும் பாருங்கள். விலை குறைந்த போனில் திரையைப் பதிவு செய்தபடி ஒரு செய்தியைத் திறந்து, பதிவை மெதுவாக ஓட்டுங்கள். அடிக்கடி காணக் கிடைப்பது இது: முதல் விநாடியில் தலைப்பு வருகிறது. இரண்டாவது விநாடியில் முதல் பத்தி. வாசகர் மூன்றாம் வரிக்குப் போகிறார். அப்போது தலைப்புக்கு மேலே 250 பிக்சல் உயர விளம்பரம் வந்து உட்காருகிறது. படித்துக்கொண்டிருந்த வரி திரைக்குக் கீழே போய்விடுகிறது. அதைத் தேடி விரலால் தள்ளும்போது படம் இறங்குகிறது, மறுபடி ஒரு குதிப்பு. ‘மேலும் படிக்க’ என்று நினைத்துத் தட்டிய இடத்தில் இப்போது விளம்பரம் இருக்கிறது. இதற்குத் தீர்வு எளிது. விளம்பரம் வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே உயரத்தை ஒதுக்கி வைக்க வேண்டும், படங்களுக்கு அகல உயரத்தை நிரலிலேயே குறிப்பிட வேண்டும். விளம்பரம் வராவிட்டால் வெற்றிடம் தெரியுமே என்று சிலர் ஒதுக்கத் தயங்குவார்கள். வெற்றிடத்தை வாசகர் மன்னிப்பார், குதிப்பதை மன்னிக்க மாட்டார்.

படி 5: விளம்பரம்

விளம்பரமில்லாமல் பெரும்பாலான செய்தித்தளங்கள் நடக்காது. ‘விளம்பரம் அதிகம்’ என்று அறிக்கையில் எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். அளந்து எழுதுங்கள்.

விளம்பரத் துறையினரே சேர்ந்து அமைத்த ‘கோஅலிஷன் ஃபார் பெட்டர் ஆட்ஸ்’ கூட்டமைப்பின் வரையறை இதற்கு உதவும். மொபைலில், முக்கிய உள்ளடக்கப் பகுதியில் வரும் விளம்பரங்களின் உயரத்தைக் கூட்டி, அந்தப் பகுதியின் மொத்த உயரத்தால் வகுக்க வேண்டும். 30 சதவீதத்தைத் தாண்டினால் ஏற்கத்தக்கதல்ல. ஒரு செய்தியின் உயரம் 4800 பிக்சல், அதற்குள் 250 பிக்சல் விளம்பரம் நான்கும் 600 பிக்சல் விளம்பரம் ஒன்றும் இருந்தால் மொத்தம் 1600. அதாவது 33 சதவீதம்; எல்லை தாண்டிவிட்டது. ஒரு விளம்பரத்தை எடுத்தாலே கணக்கு எல்லைக்குள் வந்துவிடும் என்று இப்போது உங்களால் ஆதாரத்தோடு சொல்ல முடியும். சிறிய செய்திகளில்தான் இந்தச் சதவீதம் எகிறும். நான்கு பத்திச் செய்தியிலும் பதினைந்து பத்திக் கட்டுரையிலும் ஒரே எண்ணிக்கையில் விளம்பரம் போடும் தளங்கள் உண்டு.

அதே கூட்டமைப்பு மொபைலுக்குத் தகாதவை என்று சொல்வதில் பாப்அப், உள்ளடக்கத்துக்கு முன்னால் வந்து மறைக்கும் முழுத்திரை விளம்பரம், ஒலியோடு தானாக ஓடும் வீடியோ, பளிச்சிட்டு மின்னும் அசைவு, திரையில் 30 சதவீதத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டு நகராத விளம்பரம் ஆகியவை அடங்கும். ஒவ்வொன்றும் இருக்கிறதா இல்லையா என்று குறியுங்கள். மூடும் பொத்தானின் அளவையும் அளந்து எழுதுங்கள். 12 பிக்சல் பெருக்கல் குறியை விரலால் தட்டச் சொல்வது வாசகரை விளம்பரத்துக்குள் தள்ளுவதற்குச் சமம்.

இதைவிடக் கடுமையாகப் பார்க்க வேண்டியது, செய்தி போல வேடமிட்ட விளம்பரம். பணம் பெற்று வெளியிட்ட கட்டுரை செய்திப் பட்டியலுக்கு நடுவே, அதே எழுத்துருவில், அதே பட அளவில் வருகிறதா? ‘விளம்பரம்’ என்ற சொல் தெளிவாக இருக்கிறதா, அல்லது ‘கூட்டு முயற்சி’ என்பது போன்ற மழுப்பலான சொல் மங்கிய சாம்பல் நிறத்தில் கிடக்கிறதா? லிங்க்கைப் பகிர்ந்தால் முன்னோட்டத்திலும் அந்தக் குறி தெரிகிறதா? இதில் சமரசம் கிடையாது. மற்றக் குறைகள் வாசகரின் நேரத்தைத்தான் தின்னும். இது வாசகரை ஏமாற்றுகிறது. அறிக்கையில் இதை எப்போதும் முதலிடத்தில் வையுங்கள்.

படி 6: நம்பகத்தன்மையின் அடையாளங்கள்

செய்தி, கருத்து, ஆய்வு, தலையங்கம் ஆகியவற்றுக்குத் தலைப்புக்கு அருகிலேயே அடையாளம் வேண்டும். செய்தியாளர் பெயரைத் தட்டினால் அவருடைய பிற செய்திகள் வர வேண்டும். செய்தி நிறுவனத்திடமிருந்து வாங்கியதானால் அதன் பெயர் வேண்டும். பிழை திருத்தப்பட்டிருந்தால் எது மாறியது, எப்போது மாறியது என்று பக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போவது திருத்தமாகாது. பழைய படத்தைப் பயன்படுத்தினால் ‘கோப்புப் படம்’ என்ற குறிப்பு கட்டாயம். பிழையைச் சுட்டிக்காட்ட வாசகருக்கு வழி இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் கிடைக்காவிட்டால் இல்லை என்றே எழுதுங்கள்.

படி 7: சுற்றிவருதல், தேடல், முகப்பு

செய்தியைப் படித்து முடித்தவர் அடுத்து எங்கே போவார்? கீழே ‘தொடர்புடைய செய்திகள்’ உண்மையிலேயே தொடர்புடையனவா, அல்லது எல்லாப் பக்கத்திலும் வரும் அதே பிரபலமான ஆறு செய்திகளா? முடிவில்லாமல் அடுத்தடுத்த செய்தி தானாக வந்துகொண்டே இருக்கும் தளங்களில், ஒரு செய்தி எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பது தெரிய வேண்டும். பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போகவே முடியாமல் போவதும் இங்கேதான். ‘எங்களைப் பற்றி’, ‘தொடர்புக்கு’ எல்லாம் அங்கேதானே இருக்கின்றன!

பின்செல்லும் பொத்தானைக் கட்டாயம் சோதியுங்கள். பிரிவுப் பக்கத்தில் இருபது தலைப்புகள் கீழே போய் ஒரு செய்தியைத் திறங்கள். திரும்பினால் அதே இருபதாவது தலைப்பில் நிற்க வேண்டும். உச்சிக்குக் கொண்டுபோய் விட்டால் அது பெரிய குறை. திரும்பும்போது நீங்கள் திறக்காத வேறொரு விளம்பரப் பக்கம் குறுக்கே வந்தால் அதைவிடப் பெரிய குறை.

தேடலுக்கு ஐந்து சொற்களை வைத்துக்கொள்ளுங்கள். ‘தேர்தல்’ என்று தேடினால் ‘தேர்தலில்’, ‘தேர்தலுக்கு’ என்று வரும் செய்திகளும் கிடைக்கின்றனவா? ‘ற’வுக்குப் பதில் ‘ர’ தட்டினால் வெறும் பக்கமா, ஒரு பரிந்துரையாவது வருகிறதா? ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் ஒற்றை உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காத தேடல், ஒரு வடிவில் எழுதிய செய்திகளை மற்ற வடிவில் தேடுபவருக்குக் காட்டாது. இரண்டு விதமாகவும் தட்டி முடிவுகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். முடிவுகளைத் தேதி வாரியாக அடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். அதில்லாத செய்தித் தேடல் அரைத் தேடல்தான்.

முகப்பில் பார்க்க வேண்டியது ஒன்றுதான் முக்கியம்: இன்றைய பெரிய செய்தி எது என்று ஒரு பார்வையில் தெரிகிறதா? எல்லாத் தலைப்பும் ஒரே அளவில், எல்லாவற்றுக்கும் சிவப்பு நிற ‘பிரேக்கிங்’ பட்டை என்றிருந்தால் ஆசிரியர் குழுவின் தீர்ப்பு வாசகருக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். மெனுவில் இருபது பிரிவுகள் இருந்தால், எவற்றில் கடைசியாகச் செய்தி வந்து ஒரு மாதம் ஆகிறது என்று பாருங்கள். சில காலியாகவே கிடக்கும்.

நேரலைப் பக்கத்தில் புதிய வரி தானாக வந்து விழும்போது, படித்துக்கொண்டிருக்கும் இடம் நகரக் கூடாது. ‘3 புதிய தகவல்கள்’ என்று ஒரு பொத்தான் காட்டினால் போதும். தாமதமாக வருபவருக்கு மேலே சுருக்கம் வேண்டும். புகைப்படத் தொகுப்பில் ஒவ்வொரு படத்துக்கும் பக்கம் புதிதாகத் திறந்தால், பத்துப் படத்துக்குப் பத்து முறை காத்திருக்க வேண்டும். விளம்பர எண்ணிக்கைக்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள் என்பது வாசகருக்கும் தெரியும்.

படி 8: எல்லாராலும் பயன்படுத்த முடிகிறதா?

இதற்கு அடிப்படை டபிள்யூசிஏஜி 2.2, அதாவது மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த உதவும் சர்வதேச வழிகாட்டு நெறிகள். இது 2023 அக்டோபரில் வெளியானது. முழுத் தணிக்கைக்கு நிபுணர் வேண்டும். ஆனால் அரை மணி நேரத்தில் பெரிய ஓட்டைகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பல் நிறம் மயிரிழையில் தேறும். 999999 தேறாது, அது 2.85:1தான். தேதியும் படக்குறிப்பும் பெரும்பாலும் இந்த மங்கிய நிறத்தில்தான் இருக்கும். படத்தின் மேல் வெள்ளை எழுத்தில் தலைப்பு வைத்திருந்தால், வெளிறிய படத்தோடு சோதித்துப் பாருங்கள். பொத்தான்கள் குறைந்தது 24க்கு 24 பிக்சல். கட்டைவிரலுக்கு 44 வசதி. எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினால் எதுவும் மறையவோ ஒன்றன்மேல் ஒன்று ஏறவோ கூடாது. ஐந்து விநாடிக்கு மேல் தானாக ஓடும் செய்தி வரிக்கு நிறுத்தும் பொத்தான் வேண்டும்.

லேப்டாப்பில் சுட்டியை ஒதுக்கிவிட்டு டேப் விசையால் மட்டும் ஒரு செய்தியைத் திறந்து பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்பது திரையில் தெரிய வேண்டும். பிறகு திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பானை (ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர்) இயக்கிக் கேளுங்கள். தமிழ்ப் பக்கம் நிரலில் தமிழ் என்று அறிவிக்கப்படாவிட்டால் திரைவாசிப்பான் வேறு மொழிக் குரலில் உளறும், அல்லது பேசாமலே தாண்டிப்போகும். ஒரே ஒரு வரித் திருத்தம். அதைச் செய்யாததால் பார்வையற்ற வாசகருக்குத் தளம் முழுதும் மூடிவிடுகிறது. படங்களுக்கு மாற்று உரையும் (படத்தை விவரிக்கும் வரி) வீடியோவுக்கு வசன வரிகளும் இருக்கின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். படமாகவே போடப்பட்ட அட்டவணைகள் பார்வையுள்ளவர்களுக்கும் 360 பிக்சல் திரையில் படிக்க முடியாதவை.

படி 9: வாசகர்களை உட்கார வைத்துப் பாருங்கள்

இதுவரை செய்தது நிபுணர் பார்வை. அதை ஒருவர் மட்டும் செய்யாமல் மூன்று முதல் ஐந்து பேர் தனித்தனியாகச் செய்து, பிறகு சேர்த்துப் பார்ப்பது நல்லது. முதலிலேயே கூடிப் பேசினால் ஒருவர் சொன்னதையே மற்றவர்களும் காண்பார்கள்.

வாசகர் சோதனைக்கு ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும். பயன்பாட்டு எளிமை ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டௌவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொண்டுவருவார்; ஐந்து பேர் சேர்ந்தால் ஏறத்தாழ 85 சதவீதம். பதினைந்து பேரை ஒரே தடவையில் சோதிப்பதைவிட, ஐந்து பேரைச் சோதித்து, திருத்தி, மறுபடி ஐந்து பேரைச் சோதிப்பது அதிகப் பலன் தரும். ஆனால் இளைஞர், முதியோர் என வாசகர் கூட்டம் முற்றிலும் வேறு வேறானால் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் தனியாக ஆள் வேண்டும். அலுவலகத்தில் வேலை செய்பவர்களை அழைக்காதீர்கள். அவர்களுக்கு மெனு மனப்பாடம்.

வாசகரிடம் செய்யச் சொல்லும் வேலைகளை எழுதும்போது மெனுவில் உள்ள சொல்லைப் பயன்படுத்தினால் விடையைச் சொல்லிக்கொடுத்தது போலாகும். ‘விளையாட்டுப் பிரிவுக்குப் போங்கள்’ என்பது தவறு. ‘நேற்று நடந்த இறுதிப் போட்டியில் யார் வென்றார்கள் என்று கண்டுபிடியுங்கள்’ என்பது சரி. ஆறு முதல் எட்டு வேலைகள், 45 நிமிடத்துக்குள். அவர் சொந்த போனிலேயே செய்யட்டும், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லட்டும்.

நீங்கள் பேசாமல் இருப்பதுதான் கடினம். ‘இதை எங்கே தட்டணும்?’ என்று கேட்டால், ‘நான் பக்கத்துல இல்லைன்னா என்ன செய்வீங்க?’ என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குமேல் உதவாதீர்கள். விரல் எங்கே தயங்குகிறது, எதைத் தட்டப்போய் எது திறந்தது, எத்தனை முறை பின்செல்லும் பொத்தானை அழுத்தினார் என்று எழுதிக்கொண்டே இருங்கள். ஒரு செய்தியைப் படித்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன நடந்தது? எப்போது நடந்தது? இதை எழுதியது யார்? பணம் பெற்ற கட்டுரையையும் ஒரு வேலையாகச் சேர்த்து, அது செய்தியா விளம்பரமா என்று கேளுங்கள். ஐந்தில் இரண்டு பேர் செய்தி என்றால் ‘விளம்பரம்’ என்ற குறி வேலை செய்யவில்லை.

முடிவில் பயன்பாட்டு எளிமையை அளக்கும் எஸ்யூஎஸ் என்ற பத்துக் கேள்வித் தாளைக் கொடுக்கலாம். 1986இல் ஜான் புரூக் உருவாக்கியது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படைக் கேள்விகளில் மதிப்பெண்ணிலிருந்து 1ஐக் கழியுங்கள். இரட்டைப்படையில் 5இலிருந்து மதிப்பெண்ணைக் கழியுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்குங்கள். 68ஐச் சராசரி என்று கொள்வது வழக்கம். நூற்றுக்கு வந்தாலும் இது சதவீதம் அல்ல. ஐந்து பேரின் எண்ணை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபிக்கவும் முடியாது. திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒரு அறிகுறியாக மட்டும் கொள்ளுங்கள். பலருக்கு மரியாதை தடுக்கும். வேலையை முடிக்கவே திணறியவர்கூடத் தாளில் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் போடுவார். கண்ணால் கண்டதை நம்புங்கள்.

படி 10: அறிக்கை

ஒவ்வொரு குறைக்கும் நீல்சனின் 0 முதல் 4 வரையான கடுமை எண்ணைக் கொடுங்கள். 0 குறையே அல்ல, 1 தோற்றம் சார்ந்தது, 2 சிறியது, 3 பெரியது, 4 உடனே சரிசெய்ய வேண்டியது. எத்தனை பேருக்கு நேர்கிறது, நேர்ந்தால் எவ்வளவு பாதிக்கிறது, ஒருமுறை தெரிந்தபின் தவிர்க்க முடியுமா என்ற மூன்றையும் வைத்து முடிவு செய்யுங்கள்.

குறையை எழுதும் விதம் இப்படி இருக்கட்டும்: ‘சாதாரணச் செய்திப் பக்கம், ஆண்ட்ராய்டு, குரோம். தலைப்புக்கு மேல் விளம்பரம் தாமதமாக வந்து உரையை 250 பிக்சல் கீழே தள்ளுகிறது. ஐந்து வாசகர்களில் நால்வருக்கு நேர்ந்தது. இருவர் தவறி விளம்பரத்தைத் தட்டினார்கள். சிஎல்எஸ் 0.31. கடுமை 3. தீர்வு: விளம்பரப் பெட்டிக்கு 250 பிக்சல் குறைந்தபட்ச உயரம் ஒதுக்குதல். வீடியோ இணைப்பு.’ ‘பக்கம் சரியாக வரவில்லை’ என்று எழுதினால் நிரலாளரால் ஒன்றும் செய்ய முடியாது.

நாற்பது குறைகளை ஒரே பட்டியலாகக் கொடுத்தால் எளிதானவை மட்டும் திருத்தப்படும். கடினமானவை அப்படியே கிடக்கும். கடுமை 3, 4 உள்ளவற்றை முதல் பக்கத்தில், ஏழெட்டுக்கு மிகாமல் தாருங்கள். ஒவ்வொன்றும் யார் பொறுப்பில் வருகிறது என்றும் எழுதுங்கள்: ஆசிரியர் குழு, வடிவமைப்பு, நிரல், விளம்பரப் பிரிவு. நன்றாக இருப்பவற்றையும் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மறுவடிவமைப்பில் அவையே முதலில் காணாமல் போகும்.

திருத்தங்கள் முடிந்ததும் அதே பத்து வகைப் பக்கங்களை, அதே போனில், அதே வேலைகளோடு மறுபடி சோதியுங்கள். பிறகு மாதம் ஒருமுறை வேகத்தையும் விளம்பரச் சதவீதத்தையும் மட்டும் அளந்து அதே அட்டவணையில் சேர்த்துவாருங்கள். புதிய விளம்பர நிரலை வடிவமைப்புக் குழுவிடம் கேட்காமலே சேர்ப்பது பல இடங்களில் வழக்கம். எந்த மாதத்தில் எண் ஏறியது என்று அட்டவணை காட்டினால், அந்த மாதம் எந்த நிரல் சேர்ந்தது என்று விளம்பரப் பிரிவிடம் நேராகக் கேட்கலாம்.